தொட்டும் கேட்காத திரை

தமிழ்நாட்டில் ஆரணி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற பட்டு ஆரணி. மற்றொன்று, திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரிப் பக்கம் இருக்கிற ஆரணி. அங்கேயும் நெசவாளர்கள் உண்டு. அந்தப் பக்கம் ஓடுகிற ஆற்றுக்கே ஆரணியாறு என்றுதான் பெயர். இரண்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறவர்களுக்கு இதில் குழப்பம் வருவதில்லை. ஆரணிப் பட்டு என்றால் அது கமண்டல நதிக்கரை ஆரணிதான். 2008-ல் புவிசார் குறியீடு பெற்றதும் அந்தப் பட்டுதான்.

ஆனால் காரில் இருக்கிற வழிகாட்டும் கருவிக்குக் கல்யாணமும் தெரியாது, பட்டும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். கார் பழையது, இன்னொருவரிடம் வாங்கியது. முன்பலகையில் ஒரு ஜி.பி.எஸ். கருவியும் அதோடு சேர்ந்தே வந்திருந்தது. பெயரை எழுத்து எழுத்தாகத் தொட்டதும் இரண்டு ஆரணிகளும் பட்டியலில் வந்தன. தம்பி கீழே இருந்ததைத் தொட்டான். கருவி மேலே இருந்ததைப் பிடித்துக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. சிலுவை அடையாளம் வரைந்து வண்டியை எடுத்தோம். அம்மா பின்னால் உட்கார்ந்து செபமாலையைத் தொடங்கினார்.

பூந்தமல்லி தாண்டியதும் கருவி பேச ஆரம்பித்தது. திரும்பச் சொன்னது. மறுபடியும் திரும்பச் சொன்னது. காஞ்சிபுரம் சாலையில் போய்க்கொண்டிருக்கிற எங்களைச் செங்குன்றம் பக்கம் இழுத்தது. சரி, ஊரை மாற்றலாம் என்று தம்பி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திரையைத் தொட்டான். ஒன்றும் நடக்கவில்லை. விரலால் அழுத்தினான், நகத்தால் குத்தினான், பிறகு முட்டியால் ஓங்கித் தட்டினான். ஒலியைக் குறைக்கத் தொட்டால் அது கூடியது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "அங்க இல்லடா, மேல தொடு" என்றார். "நீங்களே தொட்டுப் பாருங்களேன்" என்றான் அவன். அதற்குப் பிறகு புதுக் கருவி வாங்காத கதை வந்தது. அதிலிருந்து கல்யாணச் செலவுக்குப் போனது. அதிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பழைய கணக்குக்குப் போனது. ஐந்து மறையுண்மைகளும் முடிவதற்குள் காருக்குள் இருந்த யாரும் யாரோடும் பேசுகிற நிலையில் இல்லை. திருப்பெரும்புதூரிலிருந்து ஆற்காடு வரைக்கும் அந்தப் பெண் குரல் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தது.

ஆரணிக்குள் நுழைந்தபோது வெயில் ஏறவில்லை. நெசவாளர் வீதிகளில் அந்த நேரத்தில் பாவு விரித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் கழிகளை நிறுத்தி, பட்டு இழைகளை வீதியின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்தது, சிக்கியது எதுவென்று பார்த்துச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். ஒரு பாவில் இரண்டு மூன்று புடவைகளுக்கான இழைகள் இருக்கும். ஒரு குடும்பத்தின் பல வார உழைப்பும் அதற்காக வாங்கிய கடனும் அந்த இழைகளில்தான் தொங்குகின்றன. கருவியின் வரைபடத்தில் அது வெறும் தெரு. தம்பி கடைசியாக ஒருமுறை திரையை அடித்துப் பார்க்கக் குனிந்தான். அம்மா பின்னாலிருந்து கத்தினார். வண்டி நின்றபோது பாவுக்கும் எங்களுக்கும் நடுவே நான்கடி கூட இல்லை. ஒரு பெண்மணி ஓடி வந்து பானெட்டின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றுகொண்டார். "இன்னாப்பா, கண்ண எங்க வச்சிகினு வர்ற?" என்று மட்டும் கேட்டார். அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அன்பார்ந்தவர்களே, இப்படிப்பட்ட ஒரு திரையோடு போராடாதவர் இன்று நம் பங்குகளில் மிகக் குறைவு. காரில் மட்டுமா? கைப்பேசியில், ஏ.டி.எம்.மில், இரயில் நிலையச் சீட்டு இயந்திரத்தில், எங்கும் இதே கதைதான். தொட்டால் கேட்கவில்லை என்றால் பலமாகத் தொடுகிறோம். மனிதர்களிடமும் அப்படித்தான் செய்கிறோம் என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருவோம். முதலில், இந்தத் திரை ஏன் கேட்பதில்லை என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரியாத இடத்தில்தான் கோபம் சுலபமாக வந்து குடியேறுகிறது.

தொடுதிரை என்பது இங்கிலாந்தில் 1965-ஆம் ஆண்டிலேயே ஜான்சன் என்ற பொறியாளர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக எழுதி வெளியிட்ட யோசனை. அதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. முதல் வகை, அழுத்தத்தைக் கேட்பது. மெல்லிய இரண்டு ஏடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் மயிரிழை இடைவெளியோடு இருக்கும். இரண்டிலும் மின்சாரம் கடத்தும் பூச்சு உண்டு. நாம் அழுத்தும்போது மேல் ஏடு வளைந்து கீழ் ஏட்டைத் தொடும். எந்த இடத்தில் தொட்டது என்பதை மின்னழுத்தத்தின் அளவை வைத்துக் கருவி கணக்கிடும். 2000-களில் கார்களில் ஒட்டிவைத்த ஜி.பி.எஸ். கருவிகளில் பெரும்பாலும் இந்த வகைதான். நகத்தால் தொட்டாலும் பேனா மூடியால் தொட்டாலும் கேட்கும். ஆனால் நாளாக ஆக, வெயிலிலும் தேய்மானத்திலும் அதன் கணக்கு பிசகிவிடும். நாம் ஒரு இடத்தைத் தொடுவோம், அது பக்கத்து இடம் என்று புரிந்துகொள்ளும். எங்கள் தம்பி கீழே தொட்டதை அது மேலே என்று எடுத்துக்கொண்டது இதனால்தான். கருவி தன் காதில் விழுந்ததற்கு ஒழுங்காகவே கீழ்ப்படிந்தது. தவறாகக் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் வகை, இப்போது நம் எல்லோர் கையிலும் இருக்கிற கைப்பேசிகளிலும் புதிய கார்களின் திரைகளிலும் உள்ளது. இதற்கு அழுத்தம் தேவையே இல்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தும் கோடுகள், பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. விரல் அருகே வந்ததும் அந்த இடத்தில் மின்னேற்றம் மிக மிகச் சிறிய அளவில் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் திரை உணர்கிறது. ஆகவே ஓங்கிக் குத்துவதால் பயன் எதுவும் இல்லை.

ஆரணிக்காரர்களுக்கு இதை ஓர் உதாரணத்தால் சொன்னால் உடனே புரிந்துவிடும். பட்டு நூல் மின்சாரத்தைக் கடத்தாது. ஜரிகை கடத்தும், ஏனென்றால் அசல் ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. குளிர் நாடுகளில் கையுறையைக் கழற்றாமலே கைப்பேசியைத் தொடுவதற்கு விரல் நுனியில் வெள்ளிப் பூச்சு இழையை வைத்துத் தைக்கிறார்கள். நம் நெசவாளருக்கு இது புதிய செய்தியே அல்ல. வெள்ளியையும் இழையையும் சேர்க்கிற வேலையைத் தலைமுறைகளாகப் பார்த்தவர்கள் அவர்கள்.

தடித்துக் காய்ந்த தோல் இந்த வகைத் திரையில் பட்டால் மாற்றம் போதாமல் போகலாம். ஈரம் பட்டால் நேர்மாறு. தண்ணீர்த் துளியையே விரல் என்று நினைத்துத் திரை தடுமாறும். மலிவான சார்ஜரைச் செருகியிருந்தால் அதிலிருந்து வரும் மின் இரைச்சலால் திரை தானாகத் துள்ளும், அல்லது தொட்டதைக் கவனிக்காமல் விடும். சார்ஜரைப் பிடுங்கியவுடன் சரியாகிவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர்ப் பக்கம் நாற்பது டிகிரியைத் தாண்டுகிறபோது, மூடிய காரின் முன்பலகையில் இருக்கிற கருவி எவ்வளவு சூடாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சூடான கருவி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சில நேரங்களில் திரையில் ஒரு குறையும் இருக்காது. உள்ளே இருக்கிற கணினி வேறு வேலையில் இருக்கும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறது என்ற நுட்பமான விவரத்தை முப்பது விநாடிக்கு ஒருமுறைதான் திருப்பிச் சொல்லும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுவான அட்டவணை முழுவதும் வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். நெடுநாள் அணைத்து வைத்திருந்த பழைய கருவி விழித்தெழும்போது இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நாம் பத்துமுறை அழுத்தினால் அந்தப் பத்தும் உள்ளே வரிசையில் நிற்கும். கருவிக்கு ஓய்வு கிடைத்ததும் பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். அப்போது நாம், "இதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்கிறோம். நாம் கோபத்தில் கேட்டதைத்தான் அது தாமதமாகச் செய்கிறது. கோபத்தில் வீட்டாரிடம் சொன்ன சொற்களும் இப்படித்தான் எங்கோ வரிசையில் நின்று, நாம் மறந்த பிறகு வந்து சேர்கின்றன.

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகும், ஓடுகிற வண்டியில் திரை கேட்கவில்லை என்றால் நமக்குக் கோபம் வரத்தான் செய்யும். கோபம் வந்த பிறகு கண் எங்கே போகிறது என்பதுதான் பெரிய விஷயம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் இரண்டு விநாடியில் 33 மீட்டர் ஓடிவிடும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கூட ஏறத்தாழ 17 மீட்டர். திரையைப் பார்த்து, சரியான இடத்தைத் தேடி, தொட்டு, கேட்டதா என்று பார்ப்பதற்கு இரண்டு விநாடி போதாது. பழைய வானொலிப் பெட்டியின் குமிழைக் கண்ணால் பார்க்காமலே திருகலாம். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எந்த அடையாளமும் கிடைப்பதில்லை. ஆகையால் கண்ணும் கூடவே போக வேண்டியிருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் முதலிடம். இவற்றுக்கெல்லாம் திரைதான் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு கணம் கண்ணை எடுத்ததால் நேர்ந்தவை எத்தனை என்று நம் கல்லறைத் தோட்டங்களுக்கே தெரியும்.

அமெரிக்காவில் பியூக் ரிவியேரா என்ற காரில் 1986-லேயே தொடுதிரை வைத்தார்கள். ஓட்டுபவர்களுக்குப் பிடிக்காமல் போகவே, சில ஆண்டுகளில் எடுத்துவிட்டார்கள். இதைவிடக் கசப்பான பாடம் கடலில் நேர்ந்தது. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலைத் திரையைத் தொட்டு இயக்கினார்கள். கப்பல் தங்கள் பேச்சைக் கேட்கவில்லை, சுக்கான் செயலிழந்துவிட்டது என்று அந்த நேரத்தில் நினைத்தார்கள். உண்மையில் சுக்கானில் ஒரு கோளாறும் இல்லை. கட்டுப்பாடு இன்னொரு மேசைக்கு மாறிப் போயிருந்தது. கேட்காதது எது, கேட்பது யாரிடம் என்று புரிந்துகொள்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. 2019-ல் அமெரிக்கக் கடற்படை, தன் கப்பல்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கையால் பிடித்து நகர்த்தும் நெம்புகோல்களுக்கே திரும்புவதாக அறிவித்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடுகிற யூரோ என்கேப் அமைப்பும், முழு மதிப்பெண் வேண்டுமென்றால் ஹாரன், வைப்பர், திரும்பும் விளக்கு போன்ற சிலவற்றுக்காவது தனிப் பொத்தான் இருக்க வேண்டும் என்று 2026-லிருந்து எதிர்பார்ப்பதாக முன்பே சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், கையில் பிடிக்கும் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது.

திருச்சபையும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2007 ஜூன் மாதம், குடியேற்றதாரர் மற்றும் பயணிகளின் மேய்ப்புப்பணிக்கான திருப்பீட அவை, சாலையின் மேய்ப்புப்பணி பற்றிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள் என்று அப்போது செய்தித்தாள்கள் அதை வேடிக்கையாக எழுதின. உண்மையில் அது வேடிக்கையான ஏடு அல்ல. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நல்ல மனிதரும் வேறு மனிதராக மாறிவிடுகிற அந்த விசித்திரத்தை அது நேராகச் சொல்கிறது. வாகனம் அதிகாரத்தைக் காட்டுகிற பொருளாகிவிடக் கூடாது, சாலையில் பலவீனமானவரைக் காக்க வேண்டும் என்பவை அந்தப் பத்தில் அடங்கும். பயணத்தில் செபமாலை சொல்லலாம். அதன் சீரான, மென்மையான திரும்பத் திரும்ப வரும் ஓட்டம் ஓட்டுபவரின் கவனத்தைக் குலைப்பதில்லை என்றும் அது குறிப்பிடுகிறது. அன்று எங்கள் காரில் வழியைப் பார்த்துக்கொண்டு வந்தவர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அம்மா ஒருவர்தான் என்பதை நாங்கள் பிறகுதான் யோசித்தோம்.

கேட்காத வாகனத்தை அடித்தவரின் கதை ஒன்று விவிலியத்திலேயே இருக்கிறது. எண்ணிக்கை நூல் 22-ஆம் அதிகாரத்தில் பிலயாம் தம் கழுதையின் மேல் போகிறார். கழுதை முதலில் வழியை விட்டு வயலுக்குள் போகிறது, அடிக்கிறார். பிறகு சுவரோரம் ஒதுங்கி அவர் காலை நெரிக்கிறது; மறுபடி அடிக்கிறார். மூன்றாவது முறை படுத்தே விடுகிறது. கையில் வாள் இருந்தால் கொன்றிருப்பேன் என்னும் அளவுக்கு அவருக்குக் கோபம். முன்னால் உருவிய வாளோடு ஆண்டவரின் தூதர் நிற்பதைக் கழுதை பார்த்தது, அவர் பார்க்கவில்லை. எங்கள் ஜி.பி.எஸ். கருவிக்கு அந்தக் கழுதையின் தகுதி நிச்சயமாக இல்லை; அது எந்தத் தூதரையும் கண்டு நிற்கவில்லை. ஆனால் பிலயாமின் தவறு எங்களுடையதும்தான். மூன்று முறை அடித்தவருக்கு, ஏன் நின்றாய் என்று ஒருமுறை கேட்கத் தோன்றவில்லை. பத்து நொடி வண்டியை ஓரம் கட்டினால் தீர்ந்திருக்கும் என்பது எங்களுக்கும் தோன்றவில்லை. ஓரம் கட்டுவதைத் தோல்வி என்று நினைத்தோம் போலும்.

புடவை எடுத்த வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், நாங்கள் விரும்புகிற கரை வகையைக் கைப்பேசியில் படமாகக் காட்டினோம். அவர் அடுத்த படத்தைப் பார்க்க ஆள்காட்டி விரலால் தள்ளினார். திரை அசையவில்லை. இன்னொருமுறை தள்ளினார். பிறகு வெகு இயல்பாகச் சுண்டு விரலின் பக்கவாட்டால் தள்ளினார், படம் நகர்ந்தது. நாங்கள் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். "என் விரலு எந்த மிஷினுக்கும் புடிக்காதுங்க. ரேஷன் கடையிலயும் இதே பாடுதான்" என்றார். சொல்லிவிட்டு அதே ஆள்காட்டி விரலைப் பாவின் மேல் ஓட்டினார். நாங்கள் எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியாத ஒரு தளர்ந்த இழையை அந்த விரல் கண்டுபிடித்தது.

2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. தொடுதிரை வேறு, ரேகைக் கருவி வேறு. ரேகைக் கருவி தோலின் மேடு பள்ளங்களைப் படிக்கிறது. வயதாலும் உழைப்பாலும் தேய்ந்த விரலில் படிப்பதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை. கட்டட வேலை செய்பவர்கள், வயலில் களை எடுப்பவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள், தறியில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிரமம் உண்டு. மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. பதிவு செய்த கைப்பேசிக்கு வருகிற கடவு எண்ணைச் சொல்லலாம். பல கடைகளில் கருவிழியைப் படிக்கிற கருவி வந்திருக்கிறது. போக முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை எழுதிக் கொடுத்து அனுப்பலாம். ஆனால் தனியாக இருக்கிற ஒரு பாட்டிக்கு, பழைய எண்ணை மாற்ற வேண்டும் என்பதையும் படிவம் எங்கே கிடைக்கும் என்பதையும் யார் சொல்வது? வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து ஐந்தாவது முறை வைக்கிறவரை நாம் பார்த்திருக்கிறோம். முணுமுணுத்தவர்களில் நாமும் இருந்திருக்கலாம். எங்களுக்கு ஒரு காலைப் பொழுது மட்டும் திரை கேட்கவில்லை; அதற்கே ஒரு குடும்பம் முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர்களுக்கு அது மாதந்தோறும் நடக்கிறது. அவர்கள் கருவியைக் குத்துவதில்லை. தங்கள் விரலில்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு ஓர் அவசரப் பயணத்தில் இருக்கிறார். யாயிரின் மகள் சாகும் தறுவாயில் கிடக்கிறாள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கூட்டம் நாலா பக்கமும் அவரை நெருக்கித் தள்ளுகிறது. அந்த நெருக்கத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் நோயில் கிடந்து, மருத்துவர்களிடம் சொத்தையெல்லாம் இழந்த ஒரு பெண் பின்னாலிருந்து அவர் மேலுடையை மட்டும் தொடுகிறார். இயேசு நின்றுவிடுகிறார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்கிறார். சீடர்களுக்கு இது விளங்கவில்லை. இத்தனை பேர் இடித்துக்கொண்டிருக்கும்போது தொட்டது யார் என்றால் என்ன பதில் சொல்வது? ஆனால் அவருக்கு அத்தனை அழுத்தங்களுக்கு நடுவே அந்த ஒரு தொடுதல் தனியாகத் தெரிந்தது. யாயிர் பக்கத்தில் பதற்றத்தோடு நிற்கையில், முழுக் கதையையும் சொல்லும் வரை அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தார். பயணத்தின் நடுவே ஓரம் கட்டுவது என்றால் இதுதானோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ், 2025-ல் இறப்பதற்கு முன் தம் பணிக்காலத்தில் பலமுறை ஒரு கேள்வியைக் கேட்டார்: பிச்சை கொடுக்கும்போது அவருடைய கையைத் தொடுகிறீர்களா, கண்ணைப் பார்க்கிறீர்களா என்று. நாணயம் கையில் விழுந்தால் போதாதா என்று நினைக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதத்தில் ஒருநாள் இரண்டு இளைஞர்களை முதியவர்களோடு நியாயவிலைக் கடைக்கு அனுப்புகிறார்கள். எண் மாற்ற வேண்டியவர்களுக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள், படிவம் எழுத வேண்டியவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். இது பெரிய காரியம் என்று யாரும் நினைக்கவில்லை; ஆலயத்தில் அறிவிப்பு கூட வாசிப்பதில்லை. ஒரு காலைப் பொழுது செலவு, அவ்வளவே. வேறு பங்குகளிலும் இதைத் தொடங்குவது சிரமமாக இருக்காது.

ஆரணியிலிருந்து திரும்பும்போது அந்தக் கருவியின் வயரைப் பிடுங்கிவிட்டோம். அம்மாவை முன்னால் உட்கார வைத்தோம். சந்தேகம் வந்த இடத்தில் அவர் கண்ணாடியை இறக்கி, "ஏம்பா, மெட்ராஸ் ரோடு இதானே?" என்று கேட்டார். ஆற்காடு வரும்போது முன்னும் பின்னும் பேச்சு திரும்பியிருந்தது. தம்பி மட்டும், பாவுக்கு முன்னால் நின்ற அந்தப் பெண்மணியிடம் சரியாக மன்னிப்புக் கேட்கவில்லையே என்று இரண்டுமுறை சொன்னான்.

அடுத்த வாரம் கருவியை ஒரு பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனோம். அவர் அமைப்புகளுக்குள் போய், திரையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த சின்னச் சின்னக் கூட்டல் குறிகளை, சிறு சிலுவைகளைப் போல இருந்தவற்றை, ஒரு குச்சியால் மெதுவாகத் தொட்டார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை, கணக்கு நேரானது. கீழே தொட்டால் கீழே, மேலே தொட்டால் மேலே என்று கேட்டது. காசு வாங்கவில்லை. கொடுக்கும்போது விளக்கு வெளிச்சத்தில் திரையைச் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"யாருங்க இதைக் குத்தினது?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.